தெருவின் இந்தப் பக்கத்துக்கு ஒரு நூலக அட்டை

அக்கா எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதானாலும் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பாள். சிலிண்டர் கொண்டுவருகிறவர் நீட்டும் ரசீதாக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரிச் சீட்டாக இருந்தாலும் சரி. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இன்னொரு தரம் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் பேனாவைக் கேட்பாள். பதினான்கு வருடமாக நான் கவனித்து வருகிறேன், ஒரு தடவைகூட மறந்ததில்லை.

என் கணவர் ஒருநாள், "அண்ணி, கல்யாண ரிஜிஸ்டரையும் திருப்பிப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"அன்னைக்குப் பாக்காம விட்டதுக்குத்தான் இன்னைக்கு வரைக்கும் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

அக்கா என்று சொல்வது என் ஓரகத்தியை. என் கணவரின் அண்ணன் மனைவி. பத்தொன்பது வயதில் முதல் தையல் கடையில் சேர்ந்தபோது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். ஐந்து வருடத்துக்கு மிஷினில்தான் உட்கார வேண்டும், துணி வெட்டும் வேலையைக் கேட்கக் கூடாது என்று அதன் பின்பக்கம் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்த ஐந்து வருடம் அவளுக்குள் எங்கேயோ முள்ளாகத் தங்கிவிட்டது.

இப்போது அவள் வேலை செய்வது நகரத்துக்குள் இருக்கும் ஒரு சீருடைப் பட்டறை. ஆஸ்பத்திரி ஆட்களுக்கும் ஓட்டல் ஆட்களுக்கும் காவலாளிகளுக்கும் கோட்டு, சட்டை தைக்கிற இடம். இருபத்திரண்டு மிஷின். அக்காவுக்குக் கையும் காலரும் வைக்கிற வேலை. அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே பஸ் ஏறி வந்துவிடுவாள், அதனால் தெருவில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். பட்டறைக் கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட அறை ஒன்று உண்டு. அதுதான் கட்டிங் அறை. உள்ளே கட்டிங் மாஸ்டரும் அவருக்கு உதவியாக இன்னொருவரும் நின்றுகொண்டு வெட்டுவார்கள். எந்தக் கோட்டுக்கு எந்த வளைவு என்பதெல்லாம் மாஸ்டரின் அட்டைகளில் இருந்தது. தடித்த அட்டையில் வெட்டி, ஆணியில் மாட்டி, வேலை முடிந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். மிஷின்காரர்களுக்கு வெட்டிய துண்டு மட்டும் வரும்.

சென்ற வருடம் அக்காவுக்கு வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. குனிந்து குனிந்து கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, ஒரு வருடத்துக்குள் மிஷினை விட்டு எழுந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கை உதவாது என்று டாக்டர் சொன்னார். எங்கள் வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தையலை விட்டால் அக்காவுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இஷ்டமில்லை.

எங்கள் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரத்தின் எல்லை எங்கள் தெருவின் நடுவில் போகிறது. எதிர்ப்பக்கம் நகரம், எங்கள் பக்கம் வெளியூர். எதிர்ப்பக்கத்துக் குப்பையைத் தினமும் எடுப்பார்கள், எங்கள் பக்கத்துக் குப்பை மூன்று நாள் கிடக்கும். விளக்குக் கம்பங்கள் எல்லாம் அந்தப் பக்கத்தில். வெளிச்சம் மட்டும் பாரபட்சமில்லாமல் இந்தப் பக்கமும் விழும்.

வீட்டுக்குள் எங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னால், மூத்தவர், அதாவது அக்காவின் கணவர், ஒரு லாரி விபத்தை நேரில் பார்த்துவிட்டார். சில நாள் கழித்து ஓர் ஆள் காகிதத்தோடு வந்து அவர் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறான். மாமியார் பெருமையாக, "என் மூத்த பையன்தாங்க" என்று சொல்லி உட்காரவைத்து டீயும் கொடுத்திருக்கிறார். அது சாட்சி சொல்லக் கூப்பிட்ட காகிதம். இரண்டு வருடம் கோர்ட்டுக்கு அலைந்ததில் மூத்தவருக்கு இருந்த நல்ல வேலை போனது. நான் இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் மாமியார் எனக்கு அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்லித் தரவில்லை. இதைத்தான் சொல்லித் தந்தார்.

"யாராவது பேப்பரோட வந்து பேர் சொல்லிக் கேட்டா, அப்படி யாரும் இங்க இல்லைன்னு சொல்லிடு. அப்புறம் உட்கார்ந்து யோசிக்கலாம்."

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அந்தச் சட்டம் வசதியாகவே இருந்தது. வந்தவர்களிடம் அதிகம் பேச வேண்டியதில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள், அக்காவின் போக்கு மாறியது. வியாழக்கிழமைகளில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். கேட்டால், "பஸ் கூட்டம்" என்பாள். வியாழக்கிழமை மட்டும் ஊரே பஸ் ஏறுமா என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. ஒருநாள் எதிர்வீட்டம்மாவிடம் வாசலில் நின்று மெதுவாக ஏதோ பேசினாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த எனக்கு "உங்க முகவரி" என்ற வார்த்தை மட்டும் கேட்டது. எதிர்வீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். இன்னொரு நாள் பீரோவுக்குப் பின்னால் பழுப்புத் தாள் ஒரு பெரிய சுருள் நின்றுகொண்டிருந்தது. அலமாரித் தட்டுக்கு விரிக்கிற தாள் மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் அத்தனை தட்டு கிடையாது.

அவள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவ எடுத்தபோது பைக்குள் ஒரு படிவம் மடித்து வைத்திருந்தது. படித்தேன், மறைக்கவில்லை. "தற்போதைய முகவரி. அங்கு எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறீர்கள்." அதற்கு மேல் இருந்தது மடிப்புக்குள் போயிருந்தது. பிரித்துப் பார்க்கக் கை வரவில்லை. ஆனால் கணக்கு எனக்குப் போதுமான அளவு சரியாக வந்தது. நகரத்துக்குள் வீடு பார்க்கிறாள். தனிக்குடித்தனம் போகப் போகிறாள். மாமியாரும் நானும் இந்த இரண்டு அறையில் மிச்சமாகப் போகிறோம்.

அன்றிலிருந்து அக்கா சிரித்தாலும் எனக்கு அதில் ஏதோ இருப்பதாகப் பட்டது. எனக்கு ஒரு துண்டு பழம் அதிகமாக நறுக்கி வைத்தால்கூட, போகிற நேரத்தில் எதற்கு இந்தப் பாசம் என்று தோன்றியது.

இந்த நிலைமையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. எங்கள் வழக்கமான தபால்காரர் லீவு. வேறொருவர் வந்து கதவைத் தட்டினார். கையில் ஓர் அட்டை. நான் கதவைப் பாதி திறந்து நின்றேன். கை முழுக்கச் சோப்பு.

அவர் ஒரு பெயரைப் படித்து, "இந்தப் பேர்ல இருக்காங்களா? அவங்க கையிலதான் குடுக்கணும்" என்றார்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றேன்.

அவர் காதிலிருந்த பேனாவை எடுத்து அட்டையில் எதையோ எழுதிக்கொண்டு போனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டபோதுதான் அந்தப் பெயர் மண்டைக்குள் போய் உட்கார்ந்தது. அக்காவின் பெயர். வீட்டில் அவள் பெரியவள், எனக்கு அக்கா, தெருவுக்கு டேப்பக்கா. அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆனாலும் எனக்குத் தெரியாத பெயர் இல்லை. கதவைத் திறந்தேன். அவர் நான்கு வீடு தாண்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் காதில் விழுந்திருக்கும். அவள் பார்த்திருக்கும் வீட்டின் சொந்தக்காரன் அனுப்பிய கடிதமாக இருக்கும், போகட்டும் என்று என் மனசின் ஒரு பக்கம் சொன்னது. நான் திரும்பிப் போய் மிச்சத் துணியை அலசினேன்.

அடுத்த வியாழக்கிழமை அக்கா தாமதமாக வரவில்லை. சீக்கிரமாகவே வந்தாள். பையைக் கொக்கியில் மாட்டாமல் சமையலறைத் தரையில் போட்டாள். மாமியார் பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"என் மேல யாருக்கோ கண்ணு" என்றாள்.

"என்னக்கா?"

அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டறையில் மாஸ்டரின் உதவியாள் வேலையை விட்டுப் போகிறான். அந்த இடத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், மிஷின்காரர்களும் வரலாம், ஆனால் குறித்த நாளில் ஒரு காவலாளி கோட்டை எல்லார் முன்னாலும் அளவெடுத்து வெட்டிக் காட்ட வேண்டும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். நின்றுகொண்டு செய்கிற வேலை. டாக்டர் சொன்னதற்கு அதுதான் ஒரே வழி. சட்டை வெட்ட அக்கா பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தாள். கோட்டுக் கையும் காலரும் அப்படிக் கண்ணால் பிடிபடுவதில்லை. நகர நூலகத்தில் அதற்கு ஒரு புத்தகம் இருந்தது. பின் அட்டையில் ஓர் உறை, உறைக்குள் நிஜ அளவில் வரைந்த பெரிய தாள், எட்டாக மடித்தது.

"அங்கேயே உட்கார்ந்து பாக்கக் கூடாதா?"

"பாக்கலாம். விரிக்கக் கூடாதாம். விரிச்சா மத்தவங்க மேஜைக்குப் போகுதாம். போட்டோ எடுத்தா அளவு மாறிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து பழுப்புத் தாள்ல இறக்கினாதான் உண்டு. அதுக்கு அட்டை வேணும். நாம வெளியூர். நகரத்துல வேலை பாக்கறோம்னு பட்டறையில கடுதாசி வாங்கிக் குடுத்தா சுலபமாக் கிடைக்கும். அந்தக் கடுதாசி எழுதறவன் யாரு? மாஸ்டரோட மைத்துனன். எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது, சமையல் புத்தகம் படிக்கன்னா?"

கடிதம் இல்லாதவர்களுக்கு வேறு முறை இருந்தது. பத்து கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும். நூலகம் அந்த முகவரிக்கு ஓர் அட்டை அனுப்பும். உரியவர் கையில் வாங்கி, அதைத் திரும்ப நூலகத்துக்குக் கொண்டுபோனால் உறுப்பினர் ஆகலாம்.

"முதல்ல எதிர்வீட்டு முகவரியையே எழுதிடலாமான்னு பாத்தேன். நம்ம பக்கத்துல நாலு பேர் அப்படித்தான் பண்ணியிருக்காங்க. அந்தம்மா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. சரி, உள்ளதை எழுதுவோம்னு நம்ம முகவரியையே எழுதினேன். இன்னைக்குப் போனா, அட்டை திரும்பி வந்திருக்கு. அப்படி யாரும் இல்லைன்னு எழுதி. கவுன்ட்டர்ல இருக்கற ஆள் என்னைப் பிக்பாக்கெட் மாதிரி பாத்தான். பொய் முகவரி குடுத்தீங்கன்னான். சிவப்பு அட்டை போட்ட நோட்டுல என் பேரை ஏத்திட்டான். ஆறு மாசத்துக்கு மனுவே போடக் கூடாதாம். கோட்டு வெட்டற நாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு."

நான் தண்ணீர்க் குவளையைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எதிர்வீட்டம்மாதான்" என்றாள் அக்கா. "தபால்காரன் புது ஆளு. அவங்ககிட்ட கேட்டிருப்பான். இல்ல, மாஸ்டருக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. அவனுக்கு இந்தத் தெருவுல ஒரு சொந்தக்காரன் இருக்கான். கேக்காம விடப்போறதில்லை. இப்பவே போய் அந்தம்மாவைக் கேக்கறேன்."

எழுந்துவிட்டாள். கதவுவரை போய்விட்டாள்.

"நான்தான்க்கா சொன்னேன்."

"எதை?"

"தபால்காரர்கிட்ட. அப்படி யாரும் இல்லைன்னு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. சாட்சியை விசாரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"என் பேரு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். வாய் முந்திக்கிச்சு."

"கதவைச் சாத்தின அப்புறம் புரிஞ்சுதா, இல்லையா?"

"புரிஞ்சுது."

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

நான் குவளையைக் கவிழ்த்து வைத்தேன்.

"என்ன நெனச்ச, அதைச் சொல்லு."

"நீங்க தனியாப் போறீங்கன்னு நெனச்சேன். வீட்டுக் கடுதாசின்னு."

"தனியாவா? யாரோட, உங்க மூத்தவரோடயா? இத்தனை பேர் நடுவுலயே அந்த மனுசனைச் சமாளிக்க முடியல. தனியா வேற வெச்சுக்கிட்டு உட்காரணுமா?"

சொல்லும்போது அவள் உதடு கொஞ்சம் கோணியது, சிரிப்பு என்று நினைத்தேன். இல்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு வேண்டிய பாத்திரத்தை எடுத்து என் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் காலையில் தலை வாரிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்து, "கிளம்பு. அந்த ஆள்கிட்ட வந்து உன் வாயால சொல்லு" என்றாள்.

அதற்கு முன் நான் நூலகத்துக்குள் போனதில்லை. வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். டோக்கனை வாங்கும்போதே, திருட வந்த மாதிரி இருந்தது. உள்ளே யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லோரும் பார்ப்பது போலவே நடந்தேன். கவுன்ட்டரில் இருந்த எழுத்தர் கட்டை விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு சீட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் சிவப்பு நோட்டை எடுத்து மேலே வைத்தார். திறக்கவில்லை, வைத்தார், அவ்வளவுதான்.

"நான்தாங்க அன்னைக்கு இல்லைன்னு சொன்னேன்" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அக்கா முழங்கையால் இடித்தாள். மறுபடி சொன்னேன்.

"நீங்க யாரு?"

"இவங்க ஓரகத்தி."

"ஓரகத்திக்காக ஓரகத்தி சாட்சி சொல்ல வந்தீங்களா? இருபது வருசமா இந்த நாற்காலியில இருக்கேன், இதை இன்னைக்குத்தான் பாக்கறேன்." ரப்பர் உறையைக் கழற்றினார். "வீட்டுல இருக்கறவங்களை எதுக்கு இல்லைன்னு சொன்னீங்க?"

லாரியையும் கோர்ட்டையும் அவரிடம் எப்படிச் சொல்வது? "வழக்கங்க" என்றேன்.

"வழக்கமா?"

"யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவோம்."

அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அக்காவைப் பார்த்தார். "உங்க தெருவுலேர்ந்து வந்தவங்க எத்தனையோ கதை சொல்லியிருக்காங்க. போன வருசம் ஒருத்தர் எதிர்வீட்டு முகவரியில பதினோரு புத்தகம் எடுத்துட்டுப் போனார். போய்க் கேட்டா அந்த வீட்டுல அவரை யாருக்கும் தெரியல. இப்ப நீங்க இதைச் சொல்றீங்க. நோட்டுல ஏறினது ஏறினதுதான். ஆறு மாசம்."

அக்கா கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். அது மரத்துப்போன கை. உதறிக்கொண்டாள். எழுத்தர் அதைக் கவனித்தாரோ என்னவோ, தெரியாது. சிவப்பு நோட்டை ஓரமாக நகர்த்தினார்.

"உங்க பேரு இந்த நோட்டுல இல்ல" என்றார் என்னைப் பார்த்து.

எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "ஒரு படிவம் குடுங்க" என்றாள்.

"இவங்க பேர்ல எடுத்து நீங்க படிக்கப் போறீங்க. அதானே?"

அக்கா படிவத்துக்காக நீட்டிய கையை மடக்கவில்லை.

"வீட்டுக்குள்ள யார் படிக்கறாங்கன்னு வந்து பாக்க எனக்கு நேரமில்ல. ஆனா கிழிஞ்சா, தொலைஞ்சா இவங்கதான் பதில் சொல்லணும். அட்டை திரும்பி வந்தா இவங்க பேரும் நோட்டுல ஏறும்."

அக்கா என் படிவத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை என் கையில் கொடுத்தாள். ஏழாம் வகுப்புக்குப் பிறகு என் முழுப்பெயரை அவ்வளவு தெளிவாக நான் எழுதியது அன்றுதான்.

அதற்குப் பிறகு நான் வாசலை விட்டு நகரவில்லை. குளிப்பதையும் தபால் நேரம் பார்த்துத்தான் வைத்துக்கொண்டேன். நாலாவது நாளிலேயே மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"யாருக்காகக் காத்துக்கிட்டிருக்க?"

"யாருக்கும் இல்ல அத்தை, காத்து வருது."

"பின்கட்டுலயும்தான் வருது காத்து."

எட்டாவது நாள், அடுப்பில் வைத்த பாலைப் பார்க்க உள்ளே போன அந்த ஒரு நிமிடத்தில் தபால்காரர் வந்தார். அதே புது ஆள். மாமியார் ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். "அப்படி யாரும்" என்பது வரைக்கும் என் காதில் விழுந்தது. பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"நான்தாங்க அது. நான்தான்."

தபால்காரர் அட்டையைக் கொடுக்காமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "போன தடவை இந்த வீட்டுலதானே இல்லைன்னாங்க?"

"அது வேற பேருங்க."

"இந்தம்மாவும் இப்ப இல்லைங்கறாங்களே?"

"அவங்களுக்கு நான் இருக்கறது தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டேன். பதற்றத்தில் வந்த பேச்சு. அவர் மாமியாரை ஒரு மாதிரி பார்த்தார். அடையாள அட்டையைக் கொண்டுவந்து காட்டிய பிறகு, என் முகத்தையும் படத்தையும் இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

"இருக்கறது தெரியாதாம். பதினாலு வருசமா என் பக்கத்துலதான் படுத்து எந்திரிக்கற" என்றார் மாமியார். "பெரியவளும் நீயும் சேர்ந்து என்னமோ பண்றீங்க. என்னைக்கு வெளிய வருதுன்னு பாக்கறேன்."

மறுநாள் அட்டையைக் கொடுத்து உறுப்பினர் ஆனேன். புதிதாகத் தந்த உறுப்பினர் அட்டையில் வெளியூர்க்காரர் என்று நீல முத்திரை. புத்தகத்தை அக்கா மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றே வந்தாள், உட்காரக் கிடைத்தும் உட்காரவில்லை.

மூத்தவரையும் என் கணவரையும் கட்டிலைத் தூக்கிச் சுவரோரம் போடச் சொன்னோம். காலியான தரையில் பழுப்புத் தாளை விரித்து, அதன் மேல் புத்தகத்துத் தாளை விரித்து, நாலு மூலையிலும் டப்பாவை வைத்தோம். பல் வைத்த ஒரு சின்னச் சக்கரம் உண்டு, வரைந்த கோட்டின் மேல் உருட்டினால் அடித்தாளில் புள்ளி விழும். மெதுவாக உருட்டினால் மேல்தாள் கிழியாது. உருட்டப் போன அக்கா நிறுத்திவிட்டாள். முகத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தாள்.

"சின்னவளே, இங்க பாரு. எனக்கு முன்னாடி யாரோ உருட்டியிருக்காங்க."

கைக்கான கோட்டில் மட்டும், காலருக்கான கோட்டில் மட்டும், பொடிப்பொடியாகத் துளைகள். ஓரம் பழுத்துப்போன பழைய துளைகள். யாராக இருக்கும் என்று அக்கா யோசித்தாள். யோசித்ததை எனக்குச் சொல்லவில்லை.

ஏழு நாள் செய்தித்தாளிலும் பழைய படுக்கை விரிப்பிலும் வெட்டினாள். நான் பிடித்துக்கொள்ள, அவள் வெட்டுவாள். மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். "கோட்டா?" என்று கேட்டுவிட்டு, "இதுக்கா ரெண்டு பேரும் இப்படிக் குசுகுசுன்னு பேசினீங்க" என்றார். நம்பியதாகத் தெரியவில்லை.

வெட்டுகிற நாளன்று நடந்ததை அக்கா சொன்னபடி எழுதுகிறேன். அவளைத் தவிர இரண்டு ஆண்கள். ஆளுக்கு ஒரு சாம்பல் நிறத் துணி. ஒருவர் கையை வெட்டும்போது துணி போதாமல் நிறுத்திவிட்டார். இன்னொருவருடைய காலர், துணி மாட்டிப் பார்க்கிற பொம்மையின் கழுத்தில் நிமிர்ந்து நிற்கவில்லை. அக்காவுடையது நின்றது. மாஸ்டர் அலமாரியைத் திறந்து தன் அட்டையைக் கொண்டுவந்து அக்கா வெட்டிய கையின் மேல் வைத்தார். ஓரத்தோடு ஓரம் ஒட்டிக்கொண்டது.

"இது என்னோட வளைவு" என்றார். "அலமாரியை யார் திறந்து குடுத்தது?"

பட்டறையில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளியம்மா அக்காவைப் பார்த்தார். திருட்டு என்று முடிவானால் உதவியாள் இடம் மட்டுமல்ல, இருக்கிற மிஷினும் போயிருக்கும். அன்று புத்தகத்தைத் திருப்பித் தரக் கடைசி நாள். போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று அக்கா பையில் வைத்திருந்தாள். எடுத்து வெட்டும் மேஜையில் அந்தத் தாளை விரித்தாள்.

முதலாளியம்மா முதலில் புத்தகத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தார். பிறகு உறுப்பினர் அட்டையைக் கேட்டு வாங்கினார்.

"இது உன் பேர் இல்லையே. யாரு இது?"

"என் ஓரகத்திம்மா."

"உன் பேர்ல ஏன் எடுக்கல?"

"அது பெரிய கதைம்மா. நூலகத்துல போன் பண்ணிக் கேளுங்க. என்னைச் சிவப்பு நோட்டுல வெச்சிருக்காங்க."

முதலாளியம்மா மாஸ்டரின் அட்டையை எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்தார். அதே வளைவு. தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கோட்டோடு இரண்டு வரிசைத் துளைகள், ஒன்று பழையது, ஒன்று புதியது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார்.

"நல்ல புத்தகம்தான்" என்றார் கடைசியில்.

அவர்தான் முன்பு எடுத்தாரா என்று யாரும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே போய்ப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். எழுத்தர் தாளைப் பிரித்து, கிழிந்திருக்கிறதா என்று எட்டு மடிப்பையும் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டாராம்.

இப்போது அக்கா கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, இரண்டாவது மேஜையில் நின்று வெட்டுகிறாள். கை மரத்துப்போவது குறைந்திருக்கிறது, முழுக்க விடவில்லை. சாயங்காலமானால் கால் வலிக்கிறது என்கிறாள். மாஸ்டர் தன் அட்டைகளைப் பூட்டித்தான் வைக்கிறார், அக்காவும் தன்னுடையதை வேறு அலமாரியில் பூட்டி வைக்கிறாள். ஆறு மாதத் தடை முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதுவரைக்கும் வீட்டில் இருப்பது என் பெயரில் ஓர் அட்டைதான். ஒரு தடவைக்கு மூன்று புத்தகம் தருகிறார்கள். இரண்டு அவளுக்கு, ஒன்று எனக்கு.